படவேடு – வேலூர்: பெரிய வண்டியின் பெட்ரோல் கணக்கு

காலை ஆறரை மணிக்குச் சந்தவாசல் கூட்டு ரோட்டில் நின்றால், படவேட்டுப் பக்கமிருந்து வரும் வண்டிகள் நெடுஞ்சாலையில் ஏறியதும் இரண்டாகப் பிரிவதைப் பார்க்கலாம். வலப்பக்கம் ஒடிப்பவர்கள் போளூருக்கும் திருவண்ணாமலைக்கும். இடப்பக்கம் ஒடிப்பவர்கள் கண்ணமங்கலம், கணியம்பாடி, அடுக்கம்பாறை வழியாக வேலூருக்கு. ஆஸ்பத்திரி வேலை, கல்லூரி வேலை, ஜவுளிக்கடை வேலை. சிலருக்கு வேலூரையும் தாண்டி ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை, சிப்காட் கம்பெனி. பஸ் உண்டு. ஷிப்டு முடியும் நேரத்துக்கும் பஸ் வரும் நேரத்துக்கும்தான் ஒத்துப்போவதில்லை.

படவேட்டிலிருந்து வேலூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர 80. மாதம் 25 நாள் வேலை என்றால் 2,000 கிலோமீட்டர், ஆண்டுக்கு 24,000. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு மூன்று தடவை போய்த் திரும்பினாலும் இவ்வளவு ஓடாது. லடாக் போகிறவர் வண்டி வாங்க ஆறு மாதம் யோசிக்கிறார். ஊரெல்லாம் யோசனை கேட்கிறார். வேலூருக்கு வேலைக்குப் போகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குப் போய் வாங்கி வந்துவிடுகிறார்.

இவ்வளவு ஓட்டுகிறவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை ஸ்பிளெண்டர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 97.2 சிசி இன்ஜின், 8 குதிரைத்திறன், 112 கிலோ எடை. லிட்டருக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் தருகிறது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். ஆனால் அதன் முறுக்குவிசை உச்சத்தைத் தொடுவதே நிமிடத்துக்கு 6,000 சுற்றில்தான். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் 70-இல் போய்க்கொண்டிருக்கும்போது முந்த நினைத்தால் கைவசம் மிச்சம் இருப்பது கொஞ்சமே. எதிரே பஸ் வருகிறது. ஆக்சிலேட்டர் முழுக்க முறுக்கியாயிற்று. வண்டி யோசித்து யோசித்து ஏறுகிறது. தினமும் இரண்டு வேளை இப்படிக் கழிந்தால் தோள்பட்டையும் மணிக்கட்டும் நாற்பது வயதுக்குமுன் பேச ஆரம்பித்துவிடும். பெரிய வண்டி வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சாலையில் பந்தாவுக்காக மட்டும் வருவதில்லை.

வந்ததும் அடுத்த கேள்வி தயாராக இருக்கிறது. சந்தவாசல் டீக்கடையில் ஒரு 350 சிசி வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினால் போதும். “இன்னா சார், லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?”

முப்பத்தைந்து என்று பதில் வரும். கேட்டவர் முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவம்.

இந்தப் பயணத்துக்கு ஆரணியில் இரவல் கிடைத்த வண்டி ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. வேலூருக்குப் போகும்முன் அது முதலில் போனது வேறு திசையில், படவேட்டுக்கு. புது வண்டி வாங்கும் இந்த வட்டாரத்துக்காரர்கள் பலரும் செய்வது அதைத்தான். சந்தவாசலிலிருந்து மேற்கே திரும்பியதும் ஜவ்வாது மலை எதிரே எழுந்து நிற்கிறது. நெல், கரும்பு, அதன்பின் வாழைத்தோட்டங்கள். மலையிலிருந்து இறங்கும் கமண்டல நாகநதி இந்த அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஆரணிக்குப் போகிறது. அதன் குறுக்கே மேலே செண்பகத்தோப்பு அணை. ரேணுகாம்பாள் கோயில் வாசலில் மாலை போட்ட வண்டி ஒன்றாவது நிற்கும். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், ஹேண்டில்பாரில் குங்குமம், டேங்கில் சந்தனம். ஆடி வெள்ளிகளில் இந்த வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேண்டுதல்.

14-ஆம் நூற்றாண்டில் இது சம்புவராயர்களின் தலைநகர். விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் படை நடத்தி வந்து இதை வென்றார். இன்றைக்கு ஊரில் எஞ்சியிருப்பவை கோயில்கள். யோக ராமர் கோயிலில் ராமர் வில் இல்லாமல், சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார். எதிரே அனுமன் ஓலைச்சுவடி வாசிக்கிறார். சிதைந்து கிடந்த கோயில்கள் பல திருப்பணி கண்டதில் டி.வி.எஸ். குடும்பத்தின் பங்கு உண்டு. 1996-இல் தொடங்கிய சீனிவாசன் சேவை அறக்கட்டளை, டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தின் சமூகப் பணிக் கை. படவேட்டுச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அது நீண்ட காலமாக வேலை செய்துவருகிறது. மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி ஒன்றின் பெயர் மோட்டார் சைக்கிளுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகத் தெரிந்த ஊர் இது.

சம்பந்தமில்லாமலும் இல்லை. ஓசூரிலிருந்து 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-யும், அதன் வாரிசான எக்ஸ்.எல். 100-ம் இந்தப் பக்கத்து வாழைத்தாரையும் பால் கேனையும் எத்தனை காலமாகச் சுமந்துவருகின்றன! எக்ஸ்.எல். 99.7 சிசி, எடை 90 கிலோவை ஒட்டி. படவேட்டிலிருந்து சந்தவாசலுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. அதே கம்பெனி 2013-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூவோடு ஒப்பந்தம் போட்டு 310 சிசி வண்டிகளை ஓசூரிலேயே செய்ய ஆரம்பித்தது. 2020-இல் இங்கிலாந்தின் பழைய பேரான நார்ட்டனை விலைக்கு வாங்கியது. எக்ஸ்.எல்.லுக்கும் நார்ட்டனுக்கும் நடுவே எங்கேயோதான் படவேடு – வேலூர் வண்டி இருக்கிறது.

பெரிய வண்டி, சின்ன வண்டியின் மைலேஜ்: இந்த ஆசையைத் தமிழ்நாடு ஒருகாலத்தில் நிஜமாகவே செய்து பார்த்தது. 1955 முதல் புல்லட் செய்துவந்த சென்னைத் திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி, 1990-களில் டீசல் புல்லட் ஒன்றை விற்றது. பெயர் டாரஸ். பெட்ரோல் இன்ஜின் இருந்த இடத்தில் 325 சிசி கிரீவ்ஸ் லொம்பார்டினி டீசல் இன்ஜின். வயலில் நீர் இறைக்கும் மோட்டாருக்கு அண்ணன் தம்பி முறை. 6.5 குதிரைத்திறன். கிட்டத்தட்ட 200 கிலோ எடையை அது இழுத்தது. லிட்டருக்கு 70 கிலோமீட்டர் தந்தது, அதுவும் பெட்ரோலைவிட மலிவான டீசலில். பால்காரர்களும் விவசாயிகளும் விரும்பி வாங்கினார்கள்.

விலை வேறு விதத்தில் கொடுக்கவேண்டியிருந்தது. அதிர்வில் நட்டுகள் தளரும். வேகம் 65-ஐத் தாண்டுவது பெரும்பாடு. ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ் டிரைவரின் பொறுமை சோதிக்கப்படும். கடைசியில் புகை விதிகள் இறுக, உற்பத்தி நின்றது. டாரஸை இன்றும் பழைய வண்டி விரும்பிகள் தேடி அலைகிறார்கள். ஆனால் அது சொல்லிவிட்டுப் போன சேதி எளிது: எட்டுக் குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜினைப் பெரிய உடம்பில் பொருத்தினால் கிடைப்பது எடை கூடிய சின்ன வண்டி. எந்தக் குறைக்காக ஸ்பிளெண்டரை விட்டு வருகிறோமோ அதே குறை. டீசல் இன்ஜினுக்குப் பேர்போன அதே கிரீவ்ஸ் குழுமம் 2021-இல் ராணிப்பேட்டையில் ஆம்பியர் மின்சார ஸ்கூட்டர் ஆலையைத் திறந்தது. படவேட்டுக்காரர் வேலைக்குப் போகும் பாதையின் மறுமுனையில் இப்போது பெட்ரோலே குடிக்காத வண்டி உருவாகிறது.

வடக்கே திரும்பிய கிளாசிக், கண்ணமங்கலத்துக்குள் ஊர்ந்து வெளியே வந்ததும் ஐந்தாவது கியரில் நிம்மதியாகிறது. அதன் 349 சிசி இன்ஜின் தரும் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. ஹோண்டாவின் ஹைனஸ் சிபி350-இல் 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றில். இரண்டுமே நீள வீச்சு இன்ஜின்கள்: கிளாசிக்கில் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8, ஹோண்டாவில் 70-க்கு 90.5. டிரையம்ஃப் ஸ்பீடு 400-ஐப் பார்த்தால் கதை தலைகீழ்: 89-க்கு 64. அது 40 குதிரைத்திறன் தருகிறது, கிளாசிக்கைப்போல இருமடங்கு. ஆனால் முறுக்குவிசையின் உச்சம் 6,500 சுற்றில். இளைஞருக்கு அதில் ஞாயிற்றுக்கிழமை ஜவ்வாது மலை ஏறுவது சொர்க்கம். திங்கட்கிழமை அடுக்கம்பாறைக்குப் போகும்போது அந்தக் குதிரைகளில் முக்கால்வாசிக்கு வேலையில்லை; தீவனம் மட்டும் கேட்கும்.

குறைந்த சுற்றிலேயே பலம் தரும் இந்தச் சோம்பேறி இன்ஜின் தத்துவத்தை ஹோண்டா பெரிய அளவில் செய்து காட்டியது. 2011-இல் மிலான் கண்காட்சியில் அறிமுகமாகி அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்த என்.சி.700 வண்டிக்கு 670 சிசி இரட்டைச் சிலிண்டர் இன்ஜின். அதன் 73-க்கு 80 என்ற அளவு ஹோண்டாவின் சிறிய கார் இன்ஜினிலிருந்து வந்தது. நான்கு சிலிண்டரில் இரண்டைக் கழித்த மாதிரி. 6,500 சுற்றோடு முடிந்துவிடும். அந்த வகை வண்டிகளை ஓட்டுபவர்கள் ஒன்பதாயிரம் பத்தாயிரம் சுற்றுக்குப் பழகியவர்கள். முதலில் முகம் சுளித்தார்கள். வழக்கமாக டேங்க் இருக்கும் இடத்தில் ஹெல்மெட் வைக்கும் பெட்டி. பெட்ரோல் டேங்க் சீட்டுக்குக் கீழே. தினசரி வேலைக்குப் போகிறவரை மனத்தில் வைத்தே வரைந்த பெரிய வண்டி. லிட்டருக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் தரும் என்று கம்பெனி சொன்னது. 700 சிசிக்கு அது அசாத்தியம். ஆரணிப் பக்கம் அதைக் காண முடியாது. ஆனால் அதன் புத்தி நம்மூர் 350-களில் ஏற்கெனவே இருக்கிறது.

கணியம்பாடிக்கு முன்னால் சாலை விரிந்து கிடக்கும் இடத்தில் கை தானாக முறுக்கும். 70-இல் போன வண்டி 90-க்குப் போகிறது. காற்று தரும் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். 70-க்கும் 90-க்கும் இடையே அது 65 சதவீதம் கூடிவிடுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் மனித நெஞ்சுதான் பாய்மரம். இதற்குக் கிடைக்கும் லாபம் என்ன? ஊர்களுக்கு இடையே தடையின்றி ஓடக்கூடிய தூரம் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 70-இல் 26 நிமிடம், 90-இல் 20. ஆறு நிமிடம். அதை வேலூர்க் கிரீன் சர்க்கிள் நெரிசல் ஒரே சிக்னலில் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

ஆக, கம்பெனி அச்சடித்த மைலேஜையும் சாலையில் வரும் மைலேஜையும் பிரிக்கும் பெரிய காரணம் வலது கை. அச்சடித்த எண் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் வண்டியை நிறுத்தி, வகுத்த வேகங்களில் ஓட்டி எடுத்தது. அங்கே எதிர்க்காற்றும் கிடையாது, பின்சீட்டில் மச்சானும் கிடையாது. 70-ஐத் தாண்டாதவரின் கிளாசிக் 36, 37 தருவதும், 95-இல் பறப்பவருடையது 30-க்கு இறங்குவதும் ஒரே இன்ஜினில்தான்.

வேலூர் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பும்போது இன்னொரு விஷயம் கூடவே உள்ளே போகிறது. பங்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முதலில் 2030-க்கு என்றிருந்த இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025-இலேயே எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த பழைய இருசக்கர வண்டிகளில் 20 சதவீதக் கலப்பினால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. 35 தந்த வண்டி 34-க்கு வருகிறது. டீக்கடையில் பேசும் அளவுக்கு அது பெரிய இடி இல்லை. ஆனால் பழைய வண்டி வாங்க நினைப்பவர், டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இ20 என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது. ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அந்தக் கலப்புக்கு ஏற்றவையா என்பது தெரியும்.

இனி ரூபாய்க் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட, 60 தரும் வண்டிக்கு 33 லிட்டர்: 3,300 ரூபாய். 35 தரும் 350-க்கு 57 லிட்டர்: 5,700 ரூபாய். 25 தரும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-க்கு 80 லிட்டர்: 8,000 ரூபாய்.

இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 60-லிருந்து 70-க்கு மைலேஜ் கூடினால் மாதத்தில் மிச்சமாவது 5 லிட்டர்கூட இல்லை. 25-லிருந்து 35-க்குக் கூடினால் 23 லிட்டர். இரண்டும் அதே பத்துதான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணும் பழக்கம் மனிதரை இப்படி ஏமாற்றுகிறது என்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரையாகவே எழுதினார்கள். ஐரோப்பாவில் இதைத் திருப்பிப் போட்டு எண்ணுகிறார்கள்: நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். ஸ்பிளெண்டருக்கு 1.7. கிளாசிக்குக்கு 2.9. இன்டர்செப்டருக்கு 4. உண்மை உடனே கண்ணுக்குத் தெரிகிறது: நூறு சிசி வண்டிகளுக்குள் 65-ஆ 70-ஆ என்று சண்டை போடுவது வீண். பெரிய வண்டிகளுக்குள் 25-ஆ 30-ஆ 35-ஆ என்பதில்தான் பணம் இருக்கிறது. அங்கேதான் யாரும் பேரம் பேசுவதில்லை.

வேலூரிலிருந்து திரும்பும்போது கண்ணமங்கலத்தில் கிழக்கே பிரிந்து வண்டி ஆரணிக்கு வருகிறது. இந்தச் சாலையின் இருபுறமும் தறி ஓசை கேட்ட காலம் உண்டு. இன்றும் ஒண்ணுபுரம், சேவூர், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று ஆரணியைச் சுற்றி வீட்டுக்குள் குழித்தறி ஓடுகிற ஊர்கள் இருக்கின்றன. கர்நாடகத்திலிருந்து பட்டு நூல், சூரத்திலிருந்து ஜரிகை, ஆரணியில் நெசவு, காஞ்சிபுரத்துக் கடையில் விற்பனை. நடுவே இந்தச் சரக்கெல்லாம் நகர்வது பெரும்பாலும் இருசக்கர வண்டியில். சுற்றிய பாவு நூலை மடியில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஒருவர் போவதைப் பஜார் வீதியில் பார்க்கலாம்.

மேலே சொன்ன கணக்கை ஆரணிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாவும் ஊடையும் எடை போட்டுத் தறிக்காரரிடம் கொடுக்கிற பட்டு முதலாளி, ஒரு கிலோ பட்டில் எத்தனை சேலை வரும் என்று கேட்பதில்லை. ஒரு சேலைக்கு எத்தனை கிராம் பட்டு, எத்தனை கிராம் ஜரிகை என்றே கேட்கிறார். முடிந்த சேலையையும் தராசில் வைக்கிறார். அதே மனிதர் பைக் ஷோரூமுக்குள் நுழைந்ததும், “லிட்டருக்கு எவ்ளோ?”

ஷோரூமில் இன்னொரு கோடும் இருக்கிறது. இன்ஜினுக்குச் சம்பந்தமில்லாத கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்குச் செஸ்ஸோடு சேர்த்து 31 சதவீதமாக இருந்தது 40-க்கு ஏறியது. 349 சிசி கிளாசிக்கும் 348 சிசி ஹோண்டாவும் கோட்டுக்குள்ளே. 398 சிசி டிரையம்ஃப், 373 சிசி டொமினார், 648 சிசி இன்டர்செப்டர் எல்லாம் வெளியே. இதன்மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி வேறு: 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு 12 சதவீதம். பெரிய வண்டியில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு 350 என்ற எல்லை இப்போது இரண்டு முறை லாபம் தருகிறது, வாங்கும்போது ஒன்று, ஓட்டும்போது ஒன்று.

எல்லாச் செலவும் பெட்ரோல் அல்ல. ஸ்பிளெண்டருக்கும் கிளாசிக்குக்கும் ஆண்டுக்குப் பெட்ரோலில் ஏறக்குறைய 29,000 ரூபாய் வித்தியாசம். அதோடு பெரிய டயர், பெரிய செயின் செட், கூடுதல் ஆயில், கூடுதல் இன்சூரன்ஸ். ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு ‘ஆண்டுக்கு ஒரு சர்வீஸ்’ என்ற சொல்லே பொருந்தாது. கிலோமீட்டர் பார்த்து விடவேண்டும், ஐந்து மாதத்துக்கு ஒருமுறையாவது பட்டறை வாசல். பின் டயர் ஆண்டுக்கு ஒன்று என்று எடுத்துவைப்பது புத்திசாலித்தனம். செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் போடாதவர், மைலேஜ் குறைகிறது என்று கம்பெனியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. காற்று குறைந்த டயரும் காய்ந்த செயினும் சத்தமில்லாமல் பெட்ரோலைத் தின்னும்.

அப்புறம் பஞ்சர். கிளாசிக்கின் கம்பிச் சக்கரத்துக்குள் டியூப் இருக்கிறது. இரவு ஒன்பதரைக்குக் கண்ணமங்கலத்துக்கும் சந்தவாசலுக்கும் நடுவே டியூப் டயரில் ஆணி ஏறினால் 195 கிலோவைத் தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான். அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ள வகை கொஞ்சம் விலை கூடுதல். அழகிலும் ஒரு மாற்றுக் குறைவு என்பார்கள். ராத்திரி ஷிப்டுக்காரருக்கு அழகு இரண்டாம் பட்சம். அதே கம்பெனியின் ஹன்டர் 350-இன் மேல் வகைகளிலும் மீட்டியரிலும் அலாயே வருகிறது. ஹன்டர் 181 கிலோ; படவேட்டுத் தெருக்களில் ஒற்றைக் கையால் திருப்பலாம். மீட்டியரில் 15 லிட்டர் டேங்க். ஒரு தடவை நிரப்பினால் 500 கிலோமீட்டர், ஆறு நாள் வேலைக்குப் போதும்.

கைக்கு அடக்கமாக வேண்டும், ஆனால் ஸ்பிளெண்டர் வேண்டாம் என்பவருக்கு ஓசூரிலிருந்து வரும் ரோனின் இருக்கிறது: 225.9 சிசி, கிளாசிக்குக்கு இணையான 20 குதிரைத்திறன், எடையில் 35 கிலோ குறைவு, 14 லிட்டர் டேங்க். பெயரளவில் பெரிய வண்டி இல்லை; சாலையில் பெரிய வண்டியின் வேலையைச் செய்யும். பஜாஜ் 2024 ஜூலையில் கொண்டுவந்த ஃப்ரீடம் 125 இன்னொரு வழி. உலகின் முதல் சி.என்.ஜி. மோட்டார் சைக்கிள். சீட்டுக்குக் கீழே 2 கிலோ எரிவாயு, கூடவே 2 லிட்டர் பெட்ரோல், இரண்டும் சேர்ந்து 330 கிலோமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது. கணக்கு என்று பார்த்தால் எல்லாரையும் தோற்கடித்துவிடும். 125 சிசி என்பதால் லாரியை முந்தும்போது பழைய கவலை மீண்டும் வரும். எரிவாயு நிரப்பும் இடம் போகிற வழியிலேயே இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் மட்டுமே கவலை என்றால் ஸ்பிளெண்டரை விட்டு நகரவே கூடாது. மாதம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, முந்தும்போது கைவசம் பலமும், டிஸ்க் பிரேக்கும், இரண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்.ஸும், வீடு வந்து சேரும்போது வலிக்காத முதுகும் வாங்க முடிகிறவருக்கு, டியூப்லெஸ் டயர் போட்ட நீள வீச்சு 350 போதும். அதற்கு மேல் போவது ஆசை. ஆசைக்கு மைலேஜ் கேட்கக் கூடாது.

ஆரணியில் டெஸ்ட் டிரைவ் கேட்டால் பஜார் நெரிசலைச் சுற்றி ஒரு ரவுண்டு விட்டுவிட்டுச் சாவியைத் திரும்பக் கேட்பார்கள். அதில் கிளட்ச் கனமா இலேசா என்பது தெரியும், வேறெதுவும் தெரியாது. கண்ணமங்கலம் சாலையில் ஐந்தாவது கியரில், 70-இல், பத்து நிமிடம் ஓட்டக் கேட்கவேண்டும். தினமும் பின்னால் உட்கார்ந்து வரப்போகிறவரையும் ஏற்றிக்கொண்டு.